அம்மாகிட்ட சொல்லிடுவேன்

என் மகள் படிப்பதும் நான் வேலை பார்ப்பதும் ஒரே பள்ளியில்தான். கிழக்குத் தாம்பரத்தில் வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் பத்து நிமிடம். நான் நான்காம் வகுப்பு 'ஏ' பிரிவின் ஆசிரியை. அவள் நான்காம் வகுப்பு 'பி'. தாயும் பிள்ளையும் ஒரே வகுப்பறையில் இருக்கக் கூடாது என்பது எங்கள் தலைமை ஆசிரியையின் கொள்கை. பள்ளி கேட்டைத் தாண்டினால் அவள் என்னை 'மிஸ்' என்றுதான் கூப்பிட வேண்டும். அதை அவள் ஒருநாளும் மறந்ததில்லை. அதில் எனக்குப் பெருமைகூட இருந்தது.

பதினாறு வருடமாக நான் அந்தப் பள்ளியில் இருக்கிறேன். பெற்றோர் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து, "பசங்க கையில போன் குடுக்காதீங்க" என்று பேசுவது எப்போதும் நான்தான். கண்டிப்பான மிஸ் என்று பெயர். கண்டிப்பு இருந்தால் பிள்ளைகள் பத்திரமாக இருப்பார்கள் என்று மனதார நம்பினேன்.

போன வருடம் ஜூன் மாதம் புதிதாக ஒரு கம்ப்யூட்டர் மிஸ் வந்து சேர்ந்தார். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. பெரும்பாக்கம் குடியிருப்பிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். அவர் சிறுமியாக இருந்தபோது நகரத்துக்குள் ஆற்றோரமாக இருந்த வீட்டை இடித்து, குடும்பத்தை அங்கே கொண்டுவந்து விட்டிருந்தார்கள். அதை அவரே சிரித்துக்கொண்டு ஆசிரியர் அறையில் சொன்னார். பேச்சு அப்படியே மெட்ராஸ் பேச்சு. பிள்ளைகளிடம், "இன்னா கண்ணு, சாப்ட்டியா?" என்பார். நாங்கள் மற்றவர்கள் பிள்ளைகளிடம் ஆங்கிலமும் அளவான தமிழும் பேசுகிறவர்கள். எனக்கு அது காதில் உறுத்தியது.

பிள்ளைகளுக்கு உறுத்தவில்லை. ஒரே மாதத்தில் அவர் எங்கே போனாலும் பின்னால் ஏழெட்டுப் பேர் போனார்கள். என் வகுப்புப் பிள்ளைகள் புதன்கிழமை மூன்றாவது பீரியடுக்காக, கம்ப்யூட்டர் வகுப்புக்காக, காலையிலிருந்தே பரபரப்பார்கள். நான் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போது ஒருத்தி கையைத் தூக்கி, "மிஸ், இன்னும் எவ்ளோ நேரம்?" என்று கேட்டாள். பதினாறு வருடத்தில் என் வகுப்பு எப்போது தொடங்கும் என்று எந்தப் பிள்ளையும் கேட்டதில்லை.

வகுப்பில் அப்படி என்னதான் நடக்கிறது என்று பார்க்க ஒரு புதன்கிழமை, 'பி' பிரிவின் முறை வந்தபோது, நோட்டுப் புத்தகம் எடுக்கிற சாக்கில் லேப் பக்கம் போனேன். பன்னிரண்டு கம்ப்யூட்டரில் ஏழுதான் ஓடும். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு அவர் பிள்ளைகளைத் தரையில் வட்டமாக உட்கார வைத்திருந்தார்.

"கேம்ல ஒருத்தன் உன் ஸ்கூல் பேரு கேக்குறான். சொல்லலாமா?"

"கூடாது!" என்று கூரை அதிரக் கத்தினார்கள்.

"உனக்குப் புடிச்ச கலர் இன்னான்னு கேக்குறான்."

பாதிப் பேர் சொல்லலாம் என்றார்கள், பாதிப் பேர் கூடாது என்றார்கள். அவர் சிரித்துவிட்டு, ரகசியத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார்.

"ரகசியம் ரெண்டு வகை. ஒண்ணு, பர்த்டே கிஃப்ட் ரகசியம். நெனச்சாலே சிரிப்பு வரும். இன்னொண்ணு வயித்து ரகசியம். நெனச்சாலே வயித்தக் கலக்கும். வயித்து ரகசியத்த வெச்சுகினு இருக்கக் கூடாது. யாராவது பெரியவங்ககிட்ட உடனே குடுத்துடணும். குடுத்தா யாரும் உன்ன அடிக்கக் கூடாது. அடிச்சா எங்கிட்ட வா."

பிள்ளைகள் சிரித்தார்கள். அந்த வட்டத்தில் என் மகளும் இருந்தாள். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. வீட்டில் நான் பேசும்போது அவள் என்னை அப்படிப் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று நான் அங்கேயே நின்று யோசித்தேன். நோட்டுப் புத்தகம் எடுக்காமலே திரும்பிவிட்டேன்.

அதற்குப் பிறகு வீட்டில் அந்தப் பெயர் இல்லாத நாளே இல்லை. "மிஸ் சொன்னாங்க." "மிஸ்க்கு இது பிடிக்கும்." தலையை மிஸ் மாதிரி ஒற்றைப் பின்னலாகப் போட்டுவிடச் சொன்னாள். நான் இரட்டைப் பின்னல்தான் போட்டேன். கொஞ்சம் இழுத்தே போட்டேன்.

"உன் முகத்தப் பாரு. உனக்குப் பொறாமை," என்றார் என் கணவர். அவருக்குக் கிண்டியில் ஆபீஸ். காலையில் மின்சார ரயிலுக்கு ஓடிக்கொண்டே இதைச் சொல்லிவிட்டுப் போனார்.

"சின்னப் பொண்ணு அவ. அவமேல எனக்கென்ன பொறாமை?" என்றேன். அதற்குள் கதவைச் சாத்திவிட்டிருந்தார்.

ஆகஸ்ட் மாதம் ஒரு வியாழக்கிழமை, லேப் வாசல் சுவரில் வரிசையாகத் தாள்களை ஒட்டியிருந்தார்கள். ஒவ்வொரு பிள்ளையும் தன் கையைத் தாளில் வைத்து வரைந்திருந்தது. ஐந்து விரலிலும் ஐந்து பேர். பயமாக ஏதாவது நடந்தால் யாரிடமெல்லாம் சொல்வாய் என்பதுதான் அந்தப் பயிற்சி. என் வகுப்புப் பிள்ளைகளுடையதை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு என் மகளுடையதைத் தேடினேன்.

பெருவிரலில் 'கம்ப்யூட்டர் மிஸ்'. அடுத்தது 'அப்பா'. அப்புறம் 'பக்கத்து வீட்டு அக்கா'. 'சண்டே கிளாஸ் டீச்சர்'. சுண்டுவிரலில் இடம் போதாமல் எழுத்தை நெருக்கி, 'அத்தை'.

இரண்டாம் தடவையும் படித்தேன். எங்கேயாவது என்னை 'மிஸ்' என்று எழுதியிருக்கிறாளோ என்று பார்த்தேன். இல்லை. அவளுடைய அத்தையை அவள் வருடத்துக்கு இரண்டு தடவைதான் பார்க்கிறாள்.

மணி அடித்து, பிள்ளைகள் என்னை இடித்துக்கொண்டு ஓடினார்கள். நான் அசையவில்லை. எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வரவில்லை. கோபம்தான் வந்தது. அதுவும் மகள்மீது இல்லை, அந்தப் பெருவிரல்மீது.

மறுநாள் காலை தலைமை ஆசிரியையின் அறைக்குப் போனேன். எவ்வளவு நிதானமாகப் பேசினேன் என்பதுதான் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

"மேடம், புது மிஸ் சின்னப் பசங்ககிட்ட ரகசியம், அது இதுன்னு கண்டதையும் பேசுறாங்க. பெரியவங்க அடிச்சா எங்கிட்ட வான்னு சொல்றாங்க. நாளைக்கு ஒரு பேரண்ட் வந்து கேட்டா நாம என்ன பதில் சொல்றது?"

தலைமை ஆசிரியை என் வார்த்தையை மதிக்கிறவர். அன்று மாலையே உத்தரவு வந்தது. பாடத்திட்டத்தில் உள்ளது மட்டும் போதும். டைப்பிங், பெயின்ட், அவ்வளவுதான். சுவரிலிருந்த தாள்களை எடுத்துவிட வேண்டும்.

கம்ப்யூட்டர் மிஸ் ஆசிரியர் அறையில் என் எதிரில் வந்து நின்றார். புகார் சொன்னது நான் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

"நா இன்னாங்க மேடம் தப்பா சொன்னேன்?"

"மொதல்ல பசங்ககிட்ட ஒழுங்கா தமிழ் பேசக் கத்துக்குங்க. மத்தது அப்புறம்," என்றேன்.

அவர் முகம் சுருங்கியது. எனக்கு அன்று இரவு சாப்பாடு ருசித்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

அடுத்த இரண்டு வாரம் என் மகள் சரியாகச் சாப்பிடவில்லை. காலையில் எழுந்ததும் வயிற்று வலி என்றாள். கேம்ப் ரோட்டில் எங்கள் வழக்கமான டாக்டரிடம் காட்டினேன். அழுத்திப் பார்த்துவிட்டு, பூச்சியாக இருக்கும் என்று மருந்து எழுதிக் கொடுத்தார். மருந்தைக் கொடுத்தேன். கடைத் தீனியால்தான் என்று திட்டினேன். வயிற்று வலி என்று அவள் சொல்லச் சொல்ல, எனக்கு அந்த வட்டத்தில் கேட்ட வார்த்தை ஒரு தடவைகூட நினைவுக்கு வரவில்லை.

மூன்றாவது புதன்கிழமை. சாப்பாட்டு மணி அடித்ததும் கம்ப்யூட்டர் மிஸ் என் வகுப்பு வாசலில் வந்து நின்றார். எங்களுக்குள் பேச்சு நின்று இருபது நாளாகியிருந்தது.

"மேடம், ஒரு நிமிஷம் லேப்புக்கு வரீங்களா?"

"என்ன விஷயம்?"

"வாங்க, சொல்றேன்."

லேப் கதவுக்கு வெளியே நிறுத்தினார். குரலைத் தாழ்த்திப் பேசினார். அன்று டைப்பிங் வகுப்பு. ஆளுக்கு ஐந்து வார்த்தை அடிக்கச் சொல்லியிருந்தாராம். என் மகள் மற்றவர்கள்போல் பழத்தின் பெயரும் பூவின் பெயரும் அடிக்கவில்லை. ஆங்கில எழுத்தில், 'மிஸ் எனக்கு வயித்து ரகசியம்' என்று அடித்துவிட்டு, அவர் பக்கத்தில் வரும்வரை திரையைக் கையால் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம்.

"உள்ள போனதும் திட்டாதீங்க மேடம். அழுவவும் அழுவாதீங்க. பாப்பா ரொம்ப பயந்துகினு கீது. அது பண்ணது ஒண்ணும் தப்பில்ல. யாரோ ஒருத்தன் பண்ணது."

என் பிள்ளையிடம் நான் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று இவர் எனக்குச் சொல்லிக் கொடுக்கிறார். கதவைத் தள்ளுவதற்கு முன்பு எனக்குத் தோன்றிய முதல் எண்ணம் அதுதான். மகளுக்கு என்ன ஆயிற்று என்பது இரண்டாவதாகத்தான் வந்தது.

உள்ளே அவள் ஒரு நாற்காலியில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து மிஸ்ஸின் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டாள். என்னிடம் வரவில்லை.

"நீ சொல்றியா கண்ணு, நா சொல்லட்டா?"

"நீங்க சொல்லுங்க மிஸ்."

அவர்தான் சொன்னார். வீட்டுப்பாடம் வாட்ஸப்பில் வருவதால் என் பழைய போனை மகளிடம் கொடுத்திருந்தேன். அதில் பொம்மைக்கு உடை மாட்டுகிற விளையாட்டு ஒன்று. அதற்குள்ளேயே பேசிக்கொள்ளலாம் என்பது எனக்குத் தெரியாது. 'நானும் நாலாவதுதான்' என்று ஒரு சிறுமியின் படத்தோடு ஒருவர் வந்திருக்கிறார். இரண்டு மாதம் உடை, நகை, பிடித்த நிறம் என்று பேச்சு. அப்புறம் ஒரு போட்டோ கேட்டிருக்கிறார். அவள் பள்ளிச் சீருடையில் இருக்கிற படம் ஒன்றை அனுப்பியிருக்கிறாள். நான் எடுத்த படம்தான். அது கைக்குப் போனதும் பேச்சு மாறியிருக்கிறது. வீட்டில் யாரும் இல்லாதபோது வீடியோவில் வா என்று. மாட்டேன் என்றதும் மிரட்டல்.

"இன்னான்னு மிரட்டுனான்னு நீயே சொல்லிடு கண்ணு. அம்மாவுக்குத் தெரியணும்."

என் மகள் துப்பட்டாவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அம்மாகிட்ட சொல்லிடுவேன்னு."

எனக்கு முதலில் புரியவில்லை. "என்ன?"

"நீ போட்டோ அனுப்பினத உங்க அம்மாகிட்ட சொல்லிடுவேன்னு. நீங்க என்னை வீட்ல சேக்க மாட்டீங்கன்னு."

"அப்படின்னு யார் சொன்னது?"

"நீங்கதான் மிஸ். அந்த அக்கா டான்ஸ் வீடியோ போட்டப்ப."

அதற்கு முந்தைய வருடம் என் வகுப்புப் பெண் ஒருத்தி மாமாவின் போனில் ஆடிப் படம் போட்டுவிட்டாள். நான் அன்று வீட்டுக்கு வந்து, சாப்பிடும்போது, "என் பொண்ணா இருந்தா வீட்டுக்குள்ளயே சேர்க்க மாட்டேன்" என்று கணவரிடம் சொன்னேன். மகள் பக்கத்தில் தயிர் சாதம் பிசைந்துகொண்டிருந்தாள். அதை அவள் நம்பியிருக்கிறாள். நம்பியதை அந்த முகம் தெரியாதவனிடம் சொல்லியும் இருக்கிறாள். அவன் தேடி எடுத்த ஆயுதம் நான்தான்.

அழக் கூடாது என்று சொன்னார்களே என்று நகத்தால் உள்ளங்கையை அழுத்திக்கொண்டு நின்றேன். மிரட்டல் எப்போது ஆரம்பித்தது என்று கேட்டேன். மகள் விரல்விட்டு எண்ணினாள். நான் தலைமை ஆசிரியையிடம் போன அதே வாரம்.

"அப்பவே மிஸ்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"மிஸ் அத பத்திப் பேசக் கூடாதுன்னு ஹெச்.எம். மேடம் சொல்லிட்டாங்களே. சொன்னா மிஸ்ஸ அனுப்பிடுவாங்கன்னு நெனச்சேன்."

இரண்டு பேரும் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூடத் தேவலாம்.

வீட்டுக்குப் போய் அந்தப் போனைச் சுவரில் அடித்து உடைப்பதுதான் என் யோசனை. கம்ப்யூட்டர் மிஸ் தடுத்தார். "எதையும் அழிக்காதீங்க. பதிலும் போடாதீங்க. மொதல்ல எல்லாத்தையும் படம் புடிச்சு வெச்சுப்போம். அப்பத்தான் போலீஸுக்குக் காட்ட முடியும்." தலைமை ஆசிரியையிடம் அரை நாள் லீவு கேட்டு, மூன்று பேரும் ஒரே ஆட்டோவில் வீட்டுக்குப் போனோம். மகள் நடுவில். அவள் தலை யார் பக்கம் சாய்கிறது என்று வழியெல்லாம் பார்த்துக்கொண்டு வந்தேன். அந்த நேரத்திலும். பல் ஆஸ்பத்திரி தாண்டும்போது அவள் மிஸ்ஸின் தோளில் சாய்ந்தாள்.

செய்திகளை ஒவ்வொன்றாகப் படித்தேன். மிஸ் பக்கத்தில் உட்கார்ந்து, தேதி தெரிகிற மாதிரி படம் எடுத்து வைத்தார். கணவர் அரை நாளில் கிளம்பி வந்துவிட்டார். எல்லோருமாகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம். சீருடை போடாத ஒரு பெண் அதிகாரி, தனி அறையில், மகளிடம் அவசரப்படாமல் பேசினார். "உன்மேல தப்பே இல்லம்மா, சொன்னது நல்லது" என்றார். அதை அவர் சொன்ன பிறகுதான் நான் இன்னும் அதைச் சொல்லவில்லை என்று உறைத்தது. அன்று அவளுக்கு அதைச் சொன்ன மூன்றாவது ஆள் நான்.

அந்தக் கணக்கை முடக்கிவிட்டார்கள். ஆள் வேறு மாநிலத்திலிருந்து பேசியதாகத் தெரிகிறது என்று ஒருமுறை ஸ்டேஷனிலிருந்து சொன்னார்கள். விசாரணை நடக்கிறது என்றார்கள். இன்றுவரை அவ்வளவுதான் தெரியும். அந்தப் போட்டோ எங்கே இருக்கிறதோ என்ற எண்ணம், துணி மடிக்கும்போதும் பால் பொங்கும்போதும் திடீரென்று வரும். அவள் வேறு எதையும் அனுப்பவில்லை. மாட்டேன் என்று ஆறு தடவை எழுதியிருந்தாள். நான் எண்ணினேன். அந்த 'மாட்டேன்' என்னிடம் கற்றது இல்லை.

கம்ப்யூட்டர் மிஸ்மீது நான் சொன்ன புகாரைத் திரும்பப் பெற எனக்கு நான்கு நாள் ஆயிற்று. தலைமை ஆசிரியையிடம் நடந்ததையெல்லாம் முதல் நாளே சொல்லிவிட்டேன். நான் ஏன் புகார் சொன்னேன் என்பதை மட்டும் சொல்லவில்லை. நான்காவது நாள் அவர் அறையில் நின்று சொன்னேன்.

"மேடம், அவங்க பேசினதுல தப்பு எதுவும் இல்ல. என் பொண்ணு எழுதின லிஸ்ட்ல என் பேரு இல்ல. அதுக்காகத்தான் வந்து சொன்னேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "இத அந்தப் பொண்ணுகிட்ட சொன்னீங்களா?"

சொன்னேன். லேப்பில், அவர் விசைப்பலகைகளைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தபோது. மன்னிப்பு என்ற வார்த்தை வாயில் வரச் சிரமப்பட்டது. அவர் துடைப்பதை நிறுத்தவில்லை.

"எனக்கு அன்னிக்கே தெரியும் மேடம். பாப்பா எழுதும்போதே கேட்டேன், அம்மா எங்கன்னு. அம்மாவுக்குக் கோவம் வரும்னுச்சு. வெளிய ஒட்டாம வுட்ருக்கலாம். எனக்கும் கொஞ்சம் பெருமையா இருந்துச்சு, மொதல்ல என் பேரு இருந்ததுல. அதான் ஒட்டிட்டேன்."

சிரித்துவிட்டு, "தமிழ் பத்தி சொன்னதுதான் கஷ்டமா இருந்துச்சு," என்றார். நானும் ஒரு துணியை எடுத்து அடுத்த விசைப்பலகையைத் துடைத்தேன்.

வட்டமாக உட்கார்கிற வகுப்பு மறுபடி தொடங்கியது. தீபாவளி விடுமுறைக்கு முன்பு ஒரு சனிக்கிழமை காலை, பெற்றோர் கூட்டத்தில் பேச அவரைக் கூப்பிட்டார்கள். பதினாறு வருடமாக நான் பிடித்த மைக். அவர் தன் பேச்சிலேயே பேசினார். "வூட்ல புள்ளைங்க எதாவது சொல்ல வந்தா, மொதல்ல உங்க மூஞ்ச சரி பண்ணுங்க. அப்புறம் காது குடுங்க." அப்பாக்கள்கூடப் பேனா எடுத்துக் குறித்துக்கொண்டார்கள். முடிந்ததும் அவரைச் சுற்றிக் கூட்டம். நான் பிஸ்கட் தட்டோடு ஒரு ஓரமாக நின்றேன். என் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் அம்மா என்னிடம் வந்து, "மேடம், அந்த மிஸ்கிட்ட ரெண்டு நிமிஷம் பேசணும், சொல்லி விடுறீங்களா?" என்றார். சொல்லி விட்டேன். தட்டைக் கீழே வைக்கும்போது சத்தம் கொஞ்சம் அதிகமாகத்தான் வந்தது. திருந்திவிட்டேன் என்று எழுத எனக்கு ஆசைதான். அந்த எரிச்சல் போகவில்லை.

ஆனால் வாயைக் கட்டக் கற்றுக்கொண்டேன். மகள் ஏதாவது சொல்ல ஆரம்பித்தால் கையில் இருக்கிற வேலையை நிறுத்துவேன். ஆரம்பத்தில் அவள் சொன்னதெல்லாம் பொய்யான சின்ன விஷயங்கள், என்னைச் சோதித்துப் பார்க்கிற மாதிரி. பென்சில் தொலைந்தது, தண்ணீர் கொட்டியது. நான் கத்துகிறேனா என்று கண்ணை இடுக்கிப் பார்ப்பாள்.

போன வாரம் பள்ளி விட்டு வந்தவள், சீருடையைக்கூட மாற்றாமல் சமையலறைக்கு வந்தாள். நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

"அம்மா, ஒண்ணு சொல்லணும். மூஞ்ச அப்படி வெச்சுக்காத."

"எப்படி?"

"இப்ப வெச்சிருக்கியே, அப்படி."

கீரையைத் தள்ளி வைத்தேன். முகத்தை என்ன செய்வது என்று தெரியாமல் அவளைப் பார்த்தேன். சொன்னாள். ஆறாவது படிக்கிற ஒரு அக்கா, இவள் வீட்டுப்பாடம் பார்க்கிற போனின் பாஸ்வேர்டு என்ன என்று கேட்டாளாம். சொன்னால்தான் தங்கள் கூட்டத்தில் சேர்த்துக்கொள்வார்களாம்.

"நீ என்ன சொன்ன?"

"மாட்டேன்னுட்டேன். ஆனா அவங்க யாரும் எங்கூட பேச மாட்டேங்கறாங்க."

"கஷ்டமா இருக்கா?"

"கொஞ்சம்."

பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன். நாளைக்கு அந்த அக்காவின் வகுப்பாசிரியையிடம் நான் பேசட்டுமா, இரண்டு நாள் பொறுத்துப் பார்க்கலாமா என்று அவளையே கேட்டேன். பொறுத்துப் பார்க்கலாம் என்றாள். எழுந்து போகப் போனவளைக் கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டேன்.

"கம்ப்யூட்டர் மிஸ்கிட்ட சொல்லிட்டியா?"

"இல்லம்மா. நாளைக்குத்தான் புதன்கிழமை. நாளைக்குச் சொல்றேன்."

அவள் உடை மாற்றப் போய்விட்டாள். நான் கீரைத் தட்டை மடிக்கு இழுத்துக்கொண்டேன். ஒரு நாள் முந்திவிட்டேன் என்று எனக்கு இருந்த சந்தோஷத்தைப் பார்க்க அங்கே யாரும் இல்லாதது நல்லதாயிற்று.